பள்ளியின் கைக்கு வராத பணம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அரசுப் பள்ளிகளை எப்படி மேம்படுத்துவது’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கற்பித்தல் முறையில் தொடங்குவார்கள். கடைசியில், நேரம் முடிந்து சீட்டு வந்த பிறகு, ‘இதற்கெல்லாம் நிதி வேண்டும்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். நான் அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்றைக்கு முழுக்கப் பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரிய கணக்கு. தமிழ்நாடு அரசு பள்ளிக் கல்வித் துறைக்கு 2023-24இல் 40,299 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு 44,042 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 46,767 கோடி. அரசின் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சின்னத் தொகை என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம், வாங்கிய கடனுக்கு அந்த ஆண்டு அரசு கட்ட வேண்டியிருந்த வட்டி 70 ஆயிரம் கோடி அளவில் இருந்தது என்பதையும், 2024-25இல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் 48 ஆயிரம் கோடியைத் தாண்டியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததைவிட மதுக்கடையிலிருந்து வாங்கியது அதிகம். கேலிக்காகச் சொல்லவில்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு, விகிதத்தைத் தானே தீர்மானிக்கக்கூடிய வரி என்று மாநிலத்தின் கையில் பெரிதாக மிஞ்சியிருப்பவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி, இவ்வளவுதான். கல்விக்கு இன்னும் ஆயிரம் கோடி வேண்டும் என்று மேடையில் கேட்பது சுலபம். அது எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று கோட்டையில் உட்கார்ந்து யோசிக்கிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இப்போது சின்னக் கணக்குக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவர் தலைமை ஆசிரியை. பிள்ளைகள் நாற்பத்துச் சொச்சம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று நாம் சொல்லும் சமக்ர சிக்‌ஷாவில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். ஆக, இந்தப் பள்ளிக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பினாயில், ப்ளீச்சிங் பவுடர், துடைப்பம், சோப்பு.

அந்தத் தலைமை ஆசிரியை தம் வரவுசெலவு நோட்டை எனக்குக் காட்டினார். சாக்பீஸ், பதிவேடுகள், அட்டை, ஸ்கெட்ச் பேனா. தேர்வுத்தாள் ஜெராக்ஸ். பிரின்டருக்கு மை. துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் வருகை பதிய இணைய ரீசார்ஜ். கழிப்பறைக் குழாய் உடைந்து இரண்டு தடவை மாற்றியது. மோட்டார் காயில் கருகி, டவுனுக்கு எடுத்துப் போய்க் கட்டி வந்தது. அதற்கு ஆட்டோ வாடகை தனி வரி. சுதந்திர தினத்துக்கு மிட்டாய். பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்ட வரிகள் நிறைய இருந்தன. ‘இது என்ன டீச்சர்?’ என்று கேட்டேன். ‘அது என் கைக்காசு சார். மானியம் வந்ததும் எடுத்துக்கலாம்னு குறிச்சு வெச்சேன், மானியம் வந்தப்ப போன வருஷத்துக் குறியைத்தான் எடுத்துக்க முடிஞ்சுது’ என்றார்.

மானியம் எப்போது வருகிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பள்ளி திறப்பது ஜூனில். பணம் பல வருஷங்களில் தை, மாசிக்கு வருகிறது. சில சமயம் மார்ச் கடைசியில் வந்து, 31ஆம் தேதிக்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்கிறார்கள். ஜூனில் உடைந்த குழாய்க்கு மார்ச்சில் பணம் வந்தால், அந்த ஒன்பது மாதம் பிள்ளைகள் எங்கே போனார்கள்? பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இதை எந்தப் புள்ளிவிவரமும் பதிவு செய்வதில்லை.

46,767 கோடிக்கும் இந்த 25,000 ரூபாய்க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் என் பேச்சின் விஷயம்.

துறைக்கு ஒதுக்கும் பணத்தின் மிகப் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது. உடனே, ‘பார்த்தீர்களா, வாத்தியார்களே சாப்பிட்டுவிடுகிறார்கள்’ என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடம் என்பதே ஆசிரியர்தான். சம்பளம் கல்விக்கான செலவு, கல்வியைத் தின்னும் செலவு ஆகாது. மிச்சத்தில் கணிசமான பகுதி பொருளாக வருகிறது. பாடநூல், சீருடை, காலணி, பை, மிதிவண்டி. இவை சென்னையில் டெண்டர் போட்டு வாங்கப்பட்டு லாரியில் வருகின்றன. நல்லவைதான். 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு ஒரே தரத்தில் புத்தகமும் சீருடையும் போய்ச் சேருவது சாதாரண வேலையல்ல. ஆனால் சம்பளமும் பொருளும் போக, பள்ளி தானே முடிவு செய்து, தானே செலவழிக்கும் பணம் என்று எவ்வளவு இருக்கிறது? அந்த 10,000, அந்த 25,000. அதுவும் மாநிலத்தின் சொந்தத் திட்டமல்ல. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு போடும் திட்டத்திலிருந்து வருவது.

இந்த நிலைமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1981 ஜூன் வரை ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் ஊராட்சி ஒன்றியத்தின் ஊழியர்களாகத்தான் இருந்தார்கள். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பது ஒன்றிய அலுவலகத்தின் கையிருப்பைப் பொறுத்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அவர்களை அரசு ஊழியர்களாக ஆக்கினார்கள். மாதச் சம்பளம் கருவூலத்திலிருந்து வரத் தொடங்கியது, நிம்மதி வந்தது. நியாயமான காரியம். ஆனால் ஆசிரியர் மட்டும்தான் அரசுக்குப் போனார். கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர், துப்புரவு எல்லாம் உள்ளாட்சியிடமே நின்றுவிட்டன. அதனால்தான் இன்றைக்கும் சுவரில் விரிசல் விட்டால் தலைமை ஆசிரியர் இரண்டு மனு எழுதுகிறார். ஒன்று வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ.வுக்கு, இன்னொன்று வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வுக்கு. பி.இ.ஓ. அலுவலகத்தில், ‘கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையில் வரும்’ என்பார்கள். பி.டி.ஓ. அலுவலகத்தில், ‘ஓவர்சியர் வந்து பார்ப்பார்’ என்பார்கள். ஓவர்சியர் வருவார், பார்ப்பார்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறையின் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது உதவி பெறும் பள்ளி. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். புதிய வகுப்பறைகள் கட்டப் பேராசிரியர் அன்பழகன் பெயரில் 7,000 கோடிக்கு மேல் மதிப்பிட்ட திட்டம் அறிவிக்கப்பட்டது. 18 ஆயிரம் வகுப்பறைகள் இலக்கு. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கட்டுவதற்குத் திட்டம் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பராமரிக்க எதுவும் கிடையாது. மழைக்காலத்துக்கு முன்னால் மொட்டை மாடிக் குழாயில் அடைத்திருக்கும் ஆலிலையை எடுத்துப் போட நானூறு ரூபாய் கூலி. அதைக் கொடுக்க ஆளில்லாமல் தண்ணீர் தேங்கி, தளம் ஊறி, கம்பி துருப்பிடித்து, பத்துப் பதினைந்து வருஷத்தில் கட்டடமே ‘அபாயகரமானது’ என்று முத்திரை வாங்குகிறது. பிறகு அதை இடிக்க ஒரு மதிப்பீடு, கட்ட ஒரு மதிப்பீடு.

சரி, ஊர்க்காரர்கள் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மரபு நம்மிடம் நிறையவே இருக்கிறது. காமராசர் காலத்தில் மதிய உணவு தொடங்கியபோது அரசு மட்டும் போட்ட பணத்தில் அது நடக்கவில்லை. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசு அரசு, நாலு காசு ஊர் என்று பிரித்தார்கள். அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் மண் சுமந்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த மனம் வற்றிவிடவில்லை. 2024 தொடக்கத்தில் மதுரைப் பக்கம் கொடிக்குளத்தில் ஒரு வங்கி ஊழியர் அம்மா, இறந்துபோன தம் மகளின் நினைவாக, நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவதற்காகக் கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்தார். அரசும் 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, நிறுவனங்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் நன்கொடை வாங்குகிறது.

இதையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் நன்கொடை எங்கே போகிறது? வெளிநாட்டில் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊருக்குப் போகிறது. தொழிற்பேட்டை பக்கத்திலிருக்கும் பள்ளிக்குப் போகிறது. ஜவ்வாது மலையில் மேலே இருக்கும் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் யாரிடம் வசூலிக்கும்? அங்கே படித்தவர்கள் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார்கள். எங்கே பணம் அதிகம் தேவையோ அங்கே கொடுப்பவர் குறைவு. காமராசர் கால நன்கொடைக்குப் பின்னால் அரசு தன் பங்கை ஒழுங்காகப் போட்டது. ஊரின் நாலு காசு அரசின் ஆறு காசுக்குத் துணையாக நின்றது. அரசு போட வேண்டிய காசுக்கே உண்டியல் வைப்பது வேறு விஷயம்.

இங்கே ஒன்றிய அரசைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலையின்போது 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு எடுத்துப் போயிற்று. அதன் பிறகு கல்விக்கென்று ஒரு தனி வரியும் வந்தது. 2004இல் தொடக்கக் கல்விக்காக இரண்டு சதவீதம் செஸ். 2007இல் இடைநிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் ஒரு சதவீதம். 2018 முதல் இரண்டும் சேர்ந்து, சுகாதாரத்தையும் கூட்டிக்கொண்டு நான்கு சதவீதம். வருமான வரி கட்டுகிற ஒவ்வொருவரும் படிவத்தின் கடைசியில் இதைப் பார்த்திருப்பீர்கள். செஸ்ஸின் சூட்சுமம் என்னவென்றால், அதை மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை. வரி என்றால் நிதிக்குழு சொன்ன விகிதத்தில் பிரிக்க வேண்டும். செஸ் என்றால் முழுக்க டெல்லியில் தங்கும். அந்தப் பங்கிலும் தமிழ்நாட்டுக்கு வருவது பெரிதும் தேய்ந்திருக்கிறது. பத்தாவது நிதிக்குழுவில் 6.637 சதவீதம், பதினைந்தாவதில் 4.079. ஆக, மாநிலம் தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பங்கு குறைகிறது, பங்கு போடத் தேவையில்லாத செஸ் வளர்கிறது, அது ‘திட்டம்’ என்ற பெயரில் நிபந்தனையோடு திரும்பி வருகிறது.

நிபந்தனை என்றால் என்ன என்பதை 2024இல் பார்த்தோம். தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு சமக்ர சிக்‌ஷாவில் ஒப்புக்கொண்ட தொகை 3,586 கோடி. ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில், புதிய கல்விக் கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்துவோம் என்ற வரியை நீக்கிவிட்டு மாநிலம் கையெழுத்திட முன்வந்தது; டெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. பணம் நின்றது. பி.எம்.ஸ்ரீ ஒரு திட்டம், சமக்ர சிக்‌ஷா வேறொரு திட்டம். முதலாவதில் சேரவில்லை என்பதற்காக இரண்டாவதை நிறுத்தியது சரியல்ல என்று நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழுவே 2025 மார்ச்சில் சொன்னது. அந்த மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 44 லட்சம் மாணவர்களும் 2.2 லட்சம் ஆசிரியர்களும் பாதிக்கப்படுவதாக மனுவில் சொன்னது.

கொள்கைச் சண்டையில் நான் மாநிலத்தின் பக்கம். எந்த மொழி படிப்பது, மூன்றாம் வகுப்புக்குத் தேர்வு வைப்பதா வேண்டாமா என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் அந்தச் சண்டையில் யார் அடிபட்டார்கள் என்று பாருங்கள். வட்டார வள மையத்தில் வேலை பார்க்கும் சிறப்பாசிரியர்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறவர்கள். 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்து அப்போதும் நிரந்தரமாகாத பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள். காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் வேன்களுக்கான போக்குவரத்துப் படி. அப்புறம் நம் தலைமை ஆசிரியையின் 25,000. நிரந்தர ஆசிரியரின் சம்பளம் நிற்கவில்லை, அமைச்சரின் கார் நிற்கவில்லை. ஏற்கெனவே மெலிந்த நரம்பு எதுவோ அது அறுந்தது. மாநிலம் தன் சொந்த நிதியிலிருந்து பணம் கொடுத்தது நல்ல முடிவு. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சமூக நீதி, மாநில சுயாட்சி என்று பேசும் ஒரு மாநிலம், தன் பள்ளிகளின் சாக்பீஸையும் துடைப்பத்தையும் ஏன் டெல்லியின் கணக்கில் விட்டு வைத்தது?

இதைக் கேட்பதற்குக் காரணம், இந்த மாநிலத்துக்கு டெல்லியை எதிர்பார்த்து நிற்கும் பழக்கமே கிடையாது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஒரு மாணவனுக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவழிக்கத் தீர்மானம் போட்டது. 1956இல் காமராசர், 1982 ஜூலையில் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர்., 1989இல் முட்டையோடு கலைஞர், 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவோடு ஸ்டாலின். ஒவ்வொரு தடவையும் ‘பணத்துக்கு எங்கே போவது’ என்ற பேச்சு எழுந்தது. ஒவ்வொரு தடவையும் பணம் கிடைத்தது. மற்ற மாநிலங்களும் சமைத்த உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2001இல்தான். பணம் இல்லை என்பதால் இந்த மாநிலம் நல்ல காரியம் எதையும் கைவிட்டதாக எனக்கு நினைவில்லை. எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்குப் பணம் கிடைக்கிறது என்பதுதான் என் அனுமானம். குழாய் மாற்றுவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

படிப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். 2022 ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்கு அடுத்த ஆண்டு அது என்பது உண்மை. ஆய்வின் முறை பற்றி அரசுக்கு ஆட்சேபம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைத் தனியாகக் கேளுங்கள், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை நேரத்தில் தெருவிலேயே, திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ, அந்தத் தெருப் பெண் ஒருவர் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது. உச்ச கட்டத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். மாதம் ஆயிரம் ரூபாய். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஆயிரம் ரூபாய்க்கு!

ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போதும், ஆசிரியர் எதற்கு என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது அநியாயம். மலிவான ஆளைத் தேடும் பழக்கம் இந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கிறது. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே தகுதி. அந்த 3,170 ரூபாய்க்காகப் பல வருஷம் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அரசு மிச்சம் பிடித்தது. பதிலுக்கு ஒரு தலைமுறை ஆசிரியர்களின் மனக்கசப்பை வாங்கியது. இல்லம் தேடிக் கல்வியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. பணம் பிள்ளைக்குப் பக்கத்தில், சரியான நேரத்தில், அந்த இடத்தைத் தெரிந்த ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் பணமே நிறைய வேலை செய்யும்.

இன்னொரு வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ‘அரசு ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால் நல்ல தனியார் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களே’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்தால் பெரிய தொகைதான் வரும். ஆனால் அதில் மலைக்கிராமத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்காக நடக்கும் பள்ளியும் இருக்கிறது. அந்த ஊருக்கு எந்தத் தனியார் பள்ளி வேனும் ஏறாது. கட்டணம் கட்ட முடியாதவரும், வீட்டில் எழுத்துத் தெரிந்த ஆளில்லாதவரும், கற்றல் குறைபாடு உள்ளவரும் எந்த நுழைவுத் தேர்வும் இல்லாமல் உள்ளே வருகிறார்கள். வடிகட்டி எடுக்கும் பள்ளியின் செலவையும் எல்லாரையும் சேர்க்கும் பள்ளியின் செலவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தவிர, நம் மாநிலத்தில் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே போகிறது. வகுப்பில் பிள்ளைகள் குறைவார்கள். பிள்ளை குறைந்தால் மானியமும் குறையும் என்று இன்றைய விதி சொல்கிறது. நாற்பது பேர் இருபத்தைந்து பேரானால் 25,000 ரூபாய் 10,000 ஆகிவிடும். கூரையின் நீளம் குறையுமா? மோட்டார் பாதியாகுமா?

என் யோசனை எளிதானது. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும், எவ்வளவு சிறியதானாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் அடிப்படைத் தொகை. அதற்கு மேல் பிள்ளை ஒன்றுக்கு 500 ரூபாய். 37,500 பள்ளி என்று வைத்தால் 375 கோடி. 45 லட்சம் பிள்ளைகள் என்று வைத்தால் 225 கோடி. மொத்தம் 600 கோடி. 46,767 கோடியில் இது ஒன்றேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இது மாநிலத்தின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் இருக்க வேண்டும். செலவாகாத மீதியை மார்ச்சில் பறித்துக்கொள்ளக் கூடாது. இதை ஆண்டுக்கு ஆண்டு மாறும் அரசாணையாக விடாமல் சட்டமாக்க வேண்டும்.

திருடமாட்டார்களா என்று கேட்பீர்கள். சிலர் திருடுவார்கள். தலைமை ஆசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் கணக்கு. பள்ளி வாசலில் கரும்பலகையில் மாதம் ஒரு தடவை வரவுசெலவு எழுதிப் போட்டால் ஊர் பார்க்கும். ஒரு லட்ச ரூபாயில் நடக்கும் திருட்டை ஊர் கண்டுபிடிக்கும். டெண்டரில் நடப்பதை ஊர் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு அடிப்படையான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்றால் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22ஆவது பிரிவு, அந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும், அரசு கொடுக்கும் மானியங்களுக்கு அந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எவ்வளவு பெரிய விஷயம்! பள்ளி எழுதிக் கேட்பதை வைத்து மேலே நிதி முடிவாக வேண்டும். நடைமுறையில் மேலே நிதி முடிவான பிறகு, அதற்கேற்றபடி திட்டம் எழுதி எமிஸில் ஏற்றச் சொல்லிக் கீழே குறுஞ்செய்தி வருகிறது. 2022இல் குழுக்களைப் புதுப்பித்தார்கள், 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். ஆட்களைச் சேர்த்தார்கள்; அவர்கள் கையில் பணத்தைக் கொடுக்கவில்லை. டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுத் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தத் தாய்மார்கள் கூலி வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள். இரண்டு மூன்று கூட்டத்துக்குப் பிறகு வராமல் போனால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே குழு உறுப்பினர்களாக வந்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் உங்கள் பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுதப்படாமல் இருந்தால் தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். எது உடைந்திருக்கிறது, எது இல்லை, அதற்கு எவ்வளவு ஆகும் என்று விலையோடு எழுதினால் போதும். சென்ற வருஷம் மானியம் எந்தத் தேதியில் வந்தது, ஆசிரியர் கைக்காசு எவ்வளவு போட்டார் என்பதையும் கீழே எழுதுங்கள். அதை அடுத்த கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்குங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. அது எந்தப் பள்ளிக்கு என்ன செய்தது என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். தீர்மானத்தின் நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் அதைப் பேசுகிறாரா என்று பாருங்கள். பேசவில்லை என்றால் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தத் தபால் ரசீதை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.